தண்ணீர்ப் பானைக்குள் வைத்த மருந்து

மனைவி இறந்த பின், ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாய்க் கட்டிய தொழிலாளர் வீடுகளில் ஒன்றில், நான் தனியாகவே வாழ்கிறேன். பேச்சுத் துணைக்கு என் பன்றிகளே உண்டு.

சென்ற ஆண்டு, ஏழு குட்டிகளைத் தாயிடமிருந்து பிரிக்கும் பருவம் வந்தது. பதுளையில் மிருக வைத்தியர் பன்றிக் காய்ச்சல் தடுப்பு மருந்தைப் பனிக்கட்டியுடன் தந்து, "குட்டிங்களுக்கு வயித்தோட்டம் நிக்கட்டும், ரெண்டு நாள் கழிச்சு ஊசி போடுங்க. அதுவரைக்கும் பிரிட்ஜ்ல வைங்க ஐயா" என்றார்.

என்னிடம் பிரிட்ஜ் இல்லை. அடுத்த காம்பரா வீட்டில் இருக்கும் செல்லம்மாவிடம் உண்டு. விரதம் தவறாதவர், பன்றி மருந்தென்றால் முகம் சுளிப்பார் என்று நானே முடிவு செய்து, குப்பியைத் தண்ணீர்ப் பானைக்குள் இறக்கி வைத்தேன். மலைக் குளிரே போதும் என்று நம்பினேன்.

ஊசி போட்டுப் பிரித்த சில வாரங்களில் காய்ச்சல் வந்தது. ஆறு குட்டிகள் மாண்டன.

"பானையிலயா வச்சீங்க? மருந்து கெட்டுப் போயிருக்கும்" என்றார் வைத்தியர்.

நான் குழி வெட்டிக்கொண்டிருந்தபோது செல்லம்மாவும் ஒரு மண்வெட்டியுடன் வந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"ஏண்ணே, என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"நீ வெரதக்காரி, தங்கச்சி..."

"சாமியா வந்து பிரிட்ஜைத் தொறந்து பாக்குது? ஒரு டப்பாவுல போட்டு மூடி வச்சிருப்பேன். அக்கா போனதுலருந்து நீங்க எங்க கதவைத் தட்டவே இல்லையேண்ணே."

நான் குழிக்குள் மண்ணைத் தள்ளினேன்.

இப்போது அடுத்த ஈற்றுக் குட்டிகளுக்கான மருந்து செல்லம்மாவின் பிரிட்ஜில் இருக்கிறது. ஆயினும் அதை எடுக்கச் சென்று நிற்கையில், கதவைத் தட்டுமுன் என் கை சற்றுத் தயங்கத்தான் செய்கிறது.