பாறூக் மாமாவுக்குச் சொல்லாமல் விட்டது

“டொக்டர் என்ன சொல்றார் மகள்?” என்று கேட்டார் பாறூக் மாமா.

கிளினிக்கில் டொக்டர் சிங்களத்தில்தான் பேசினார். மாமாவுக்கு உப்பள வேலைக்குப் போதுமான சிங்களம் தெரியும். நோயைப் பற்றிக் கதைக்க அது காணாது. அதனால்தான் இரண்டு மொழியிலும் படித்த, தன் தாத்தாவின், அதாவது மூத்த சகோதரியின், மகள் ஆதிலாவைக் கூட்டி வந்திருந்தார்.

“இதயத்தைச் சுத்திக் கொழுப்பு படிஞ்சிருக்காம் மாமா. ஸ்கேன்ல தெரியுதாம்.”

“எனக்கா?” மாமா தன் சட்டையை இழுத்துக் காட்டினார். உள்ளே இன்னொரு ஆள் புகலாம். “எனக்குக் கொழுப்பு கூடிப்போச்செண்டு உங்கட மாமி சொல்றவதான். அவ ஸ்கேன் இல்லாமலே கண்டுபிடிச்சிட்டா.”

ஆதிலா அதை டொக்டருக்குச் சொல்லவில்லை. டொக்டர் பொறுமையாக விளக்கினார். மெலிந்தவர்களுக்கும் இது வரும். இந்தக் கொழுப்பு கூடியவர்களில் பலருக்கு, இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடிகளின் உள்ளேயும் அடைப்பு இருக்கிறது. இவருக்கு நடந்தாலே நெஞ்சு இறுகுகிறது. ஆகவே கொழும்பில் நாடிகளைப் படம் பிடித்துப் பார்க்கவேண்டும். அவர் குறித்துத் தந்த திகதி, மாமாவின் மகள் நஃபீஸாவின் கல்யாண வாரத்தில் விழுந்தது.

“கல்யாணம் முடியட்டும். பிறகு போனா என்ன எண்டு கேளு.”

கேட்டாள். பிந்தவே கூடாது, அதுவரை பாரம் தூக்கவும் கூடாது என்றார் டொக்டர்.

மாமா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பிறகு போனாலும் பரவாயில்லையாம்,” என்றாள் ஆதிலா. “எண்ணெயைக் கொஞ்சம் குறைக்கட்டாம்.”

அந்த முகத்தைப் பார்த்து வேறு எதையும் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்து முஸ்லிம்கள் விரட்டப்பட்டபோது, மீசை அரும்பும் வயதில், மன்னாரிலிருந்து வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து இறங்கியவர் மாமா. கரைத்தீவு அகதி முகாமில் ஓலைக் குடிலுக்குள் அவருடைய நிக்காஹ் நடந்தபோது, வந்தவர்களுக்குப் பாலில்லாத பிளேன்ரீ மட்டுமே கொடுக்க முடிந்தது. அன்றிலிருந்து உப்புப் பாத்தியில் வெயிலோடு மல்லுக்கட்டிய மனிதருக்கு ஒரே ஆசை: மகளின் கல்யாணத்தில் ஊர் முழுக்கச் சஹனில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

சாப்பிட்டார்கள். ஆறு ஆறு பேராக, சஹன் என்னும் ஒவ்வொரு பெரிய தட்டையும் சுற்றி அமர்ந்தார்கள். சஹனில் நல்ல இறைச்சித் துண்டைத் தன் பக்கம் இழுப்பவன் மரியாதை தெரியாதவன். பிரியமானவர் பக்கம் தள்ளிவிடுவதுதான் வழக்கம். பெண் வீட்டுக்காரர் என்று மாமாவை ஒவ்வொரு சஹனிலும் பிடித்து உட்கார வைத்தார்கள்.

“வாங்க பாறூக் நானா, எலும்பு தெரியுது, கொஞ்சம் மூடுங்க,” என்று கொழுப்புத் துண்டாகத் தேடி அவர் பக்கம் தள்ளினார்கள். மாமா சிரித்துக்கொண்டே தின்றார். பெண்கள் பக்கத்தில், திரைக்குப் பின்னால், தன் முன்னால் இருந்த சோற்றில் ஆதிலா கை வைக்கவில்லை. ஒரு நாள் சாப்பாட்டால் நாடி அடைக்காது என்பது அவளுக்குத் தெரியும். கொழும்புத் திகதி கடந்துவிட்டது என்பதும் தெரியும். விருந்தாளிகள் போகட்டும், நாளைக்குச் சொல்வோம் என்று நினைத்தாள். மறுநாளும் அப்படியே நினைத்தாள்.

அந்த வாரமே மாமா வேலைக்குப் போய்விட்டார். உப்பு மூட்டையைத் தோளில் ஏற்றியவர் வரம்பிலேயே சாய்ந்தார்.

உயிர் தப்பியது. கொழும்பில் இரண்டு நாடிகளில் அடைப்பு எடுத்தார்கள். ஆனால் இதயத்தில் செத்துப்போன பகுதி திரும்பாது என்றார்கள். வீட்டு வாசலிலிருந்து பள்ளிவாசலுக்கு நடக்கவும் மாமாவுக்கு மூச்சு வாங்கியது.

எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்துத்தான் ஒரு பின்னேரம் ஆதிலா போனாள். மாமா கதிரையில் சாய்ந்திருந்தார்.

“மாமா, அண்டைக்கு டொக்டர் சொன்னது…”

“ஓம் மகள், நீ சொன்னபடிதான் எண்ணெயைக் குறைச்சன். என்ட நேரம், வேற என்ன.” அவர் அடுப்படிப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “மாமிக்கும் இப்ப நடந்தா நெஞ்சு இறுகுதாம். என்னைப் பாக்கிறதில அவ சொல்லாம இருந்திருக்கிறா. வியாழக்கிழமை கிளினிக்குக்கு நீ கூட்டிக்கொண்டு போ. வேற ஆரையும் நான் நம்பமாட்டன். டொக்டர் சொல்றதக் கேட்டு, எனக்குச் சொன்ன மாதிரி மாமிக்கும் சொல்லிக் குடு.”