கியரில் நின்ற ஜீப்

1996 மே 12, ஞாயிறு மாலை நான்கு மணி. ஆழ்வார்குறிச்சியில் எங்கள் வீட்டு முற்றத்தில் அப்பா வாங்கிய பழைய ஜீப் நின்றிருந்தது. அதன் கைப்பிரேக் பிடிக்காது. ஆகவே நிறுத்தியதும் முதல் கியரில் போட்டுவிடுவது எங்கள் வழக்கம். அன்று ஸ்டார்ட்டர் பழுது. தானே சரிசெய்வதாகச் சொன்ன அண்ணன், கியரை விடுவித்துவிட்டுத் திருப்புளி எடுக்க உள்ளே போனான். இருக்கையில் மறந்துவைத்த என் புத்தகத்தை எடுக்க ஏறிய நான், பழக்க தோஷத்தில் மீண்டும் கியரைப் போட்டுவிட்டு இறங்கினேன்.

அவன் வந்து, மதிலுக்கும் ஜீப்புக்கும் நடுவே நின்று எஞ்சினுக்குள் குனிந்தான்.

“ஏட்டி, இப்பம் பாரு, ஒரே தொடுல உறுமுதா இல்லையான்னு!”

ஸ்டார்ட்டரின் இரு முனைகளையும் திருப்புளியால் இணைத்தான். ஜீப் துள்ளி முன்னே பாய்ந்தது. திருப்புளி கைநழுவி விழுந்ததால்தான் அது நின்றது. பின்வாங்கி மதிலோடு ஒட்டி நின்ற அவன் முழங்கால்களுக்கும் பம்பருக்கும் இடையே ஒரு சாண்கூட இல்லை.

“கியர எடுக்க மறந்துட்டேன் போலுக்கு. அம்மாட்ட சொல்லிராதட்டி,” என்று வெளிறிய முகத்துடன் சிரித்தான். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

இப்போதெல்லாம் பிறர் பழுதுபார்க்கும் வண்டியில், அவரிடம் கேளாமல் எதையும் நான் தொடுவதில்லை.

அன்றைக்கு மறுநாள் காலை, ஜீப்பைப் பழுதுபார்க்க அண்ணன் வருமுன்பே நான்கு சக்கரங்களுக்கும் கல் வைத்தேன். அவன் வந்ததும், கியரைப் போட்டவள் நான்தான் என்று சொன்னேன்.