மூத்தவனுக்கு எடுத்துவைத்த சோறு

ஓரம் நசுங்கிய ஒரு எவர்சில்வர் தட்டு என் வீட்டில் இருக்கிறது. மற்ற தட்டுகளோடு அடுக்கினால் சாய்ந்துவிடும் என்பதால் அலமாரியில் தனியாகத்தான் நிற்கும். மயிலாப்பூரில் என் பிறந்த வீட்டில், சாப்பாட்டுக்கு வரத் தாமதமாகிறவர்களின் சோற்றை அண்ணி இந்தத் தட்டால்தான் மூடிவைப்பார். அண்ணி இறந்தபின், அவர் நினைவாக என்ன வேண்டும் என்று அண்ணன் கேட்டபோது நான் இதைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அண்ணி தி.நகரில் ஜவுளிக்கடை நடத்திய இந்துக் குடும்பத்துப் பெண். அண்ணனை விரும்பி மணந்து வந்த பிறகுதான் பைபிளைக் கையில் எடுத்தார். எங்கள் குடும்ப ஜெபத்தில் ஆளுக்கொரு வசனமாகச் சுற்றி வாசிப்போம். வீட்டைவிட்டுப் போய், எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திரும்பிய இளைய மகனின் கதை வரும்போதெல்லாம், விருந்து தொடங்கும் இடத்தில் அப்பா புத்தகத்தை மூடிவிடுவார். நாங்களும் மூடிவிடுவோம். புதிதாக வந்த அண்ணிக்கு அது தெரியவில்லை. தன் முறை என்று நினைத்து மேலே வாசித்துக்கொண்டே போனார். வயலிலிருந்து வரும் மூத்த மகன், வீட்டுக்குள் பாட்டுச் சத்தம் கேட்டு, வேலைக்காரனிடம் விசாரித்துத்தான் தம்பி வந்ததையே அறிகிறான். கோபித்துக்கொண்டு வெளியில் நின்றுவிடுகிறான்.

“மாமா, விருந்து ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி வயலுக்கு ஒரு ஆள் அனுப்பியிருக்கலாமே?” என்று அப்பாவிடம் கேட்டார்.

தகப்பனே வெளியே வந்து கூப்பிட்டாரே என்றார் அப்பா. அண்ணி மறுபடியும் பக்கத்தைப் பார்த்தார். “கூப்பிட்டார், சரி. அவன் உள்ள வந்து சாப்பிட்டானா? இதுல அப்படிப் போடலையே.”

எங்களுக்கு அவன் பொறாமைக்காரன், அவ்வளவுதான். நாள் முழுக்க உழைத்தவன் பசியோடு வந்திருப்பான் என்று யாரும் நினைத்ததில்லை. அதன்பின் மூடிய தட்டைக் காணும்போதெல்லாம் அண்ணன், “உன் மூத்தவன் இன்னும் வெளியதான் நிக்கிறானா?” என்று சீண்டுவான். “உங்க குடும்பத்துல யாரும் கூப்பிடலையே, நிக்கத்தான் செய்வான்” என்பார் அண்ணி. எந்தப் பகுதியை வாசித்தாலும் அவர் கண் வாசலுக்கு வெளியே நிற்பவரைத் தேடும். தன் தம்பியின் கல்யாணம் நடந்ததையே கடைத்தெருவில் யாரோ சொல்லித்தான் அவர் தெரிந்துகொண்டார் என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிய வந்தது.

இந்த வருடம் என் மகன் கல்லூரியை விட்டுவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் எங்கோ போய்விட்டான். சென்ற மாதம் ஒரு மாலையில் அவனாகவே எங்கள் அடையாறு வீட்டின் மணியை அடித்தான். தெரிந்தவர்களையெல்லாம் போனில் அழைத்து அழுதேன். கே.கே. நகரிலிருந்து நாத்தனார் குடும்பம் பிரியாணியோடு வந்தது. ஸ்தோத்திரப் பாட்டு, சிரிப்பு, வாசல் நிறையச் செருப்பு. தற்செயலாகப் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தேன். கீழே, வேலையிலிருந்து வந்த என் மகள் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்தாள். தம்பியைத் தேடி என்னோடு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கியவள் அவள்.

கீழே இறங்கியதும் வாட்ச்மேன் என்னிடம் வந்தார். “தம்பி வந்துட்டாருன்னு நான்தாம்மா பாப்பாவாண்ட சொன்னேன். அதுக்கு விசயமே தெரியாது போல கீது.”

அப்போதுதான் உறைத்தது. எல்லோரையும் அழைத்தேன், அவளை அழைக்கவில்லை. திரும்ப மேலே போய், பிரியாணியைப் போட்டு, நசுங்கிய தட்டால் மூடி எடுத்து வந்தேன். அவள் முன்னால் நீட்டினேன். ஹெல்மெட்டைக் கழற்றினாள். முகம் நனைந்திருந்தது. தட்டை வாங்கிக்கொண்டு, “அவன் சாப்பிட்டானாம்மா?” என்றாள்.

அந்தக் கேள்வியை அண்ணியிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது. இன்றுவரை அந்த ஏக்கம் போகவில்லை. அவர் எண் என் போனில் அப்படியே இருக்கிறது.

அன்று அவள் ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடியேதான் சாப்பிட்டாள். தம்பியோடு இன்னும் சரியாகப் பேசுவதில்லை. இப்போதும் வேலையிலிருந்து அவள் வரத் தாமதமாகும்போது மேசையில் அந்தத் தட்டு கவிழ்ந்திருக்கும். நேற்று அதை நான் எடுத்து வைக்கவில்லை. போய்ப் பார்த்தபோது, சோற்றைப் போட்டு அந்தத் தட்டால் மூடிவிட்டு, மகன் பால்கனியில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.