பாண்டு எழுதாத கடன்காரன்

எனக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை. அரூர் கடைவீதியில் பம்புசெட்டு சாமான் கடை வைத்திருக்கிறேன். இத்தனை வருஷத்தில் எவனிடமும் கைமாற்றுகூட வாங்கியதில்லை. அந்த என்னைப் போன மார்கழியில் கடன்காரன் ஆக்கிவிட்டார்கள். ஆக்கியது ஊர். அதற்கு விறகு எடுத்துக் கொடுத்தது என் வாய்.

எல்லாம் ஒரு வண்டித்தடத்தால் வந்தது. என் நிலத்துக்கும் தார் ரோட்டுக்கும் நடுவில் பக்கத்து நிலத்து அக்காவின் துண்டு நிலம் ஒன்று கிடக்கிறது. அதன் ஓரமாகத்தான் எங்கள் டிராக்டர் போய்வரும். அந்தத் துண்டை விற்கப்போவதாக அக்கா சொன்னார். வேறு எவனாவது வாங்கி வேலி போட்டால், என் மரவள்ளிக்கிழங்கு ஆகாய மார்க்கமாகத்தான் வெளியே வர வேண்டும். அன்றைக்கே விலை பேசி அட்வான்ஸ் கொடுத்தேன்.

"பெங்களூருல இருக்கிற பையன் கையெழுத்தும் வேணும் தம்பி. தை பொறந்ததும் லீவுல வருவான், கிரயம் பண்ணிக்கலாம்" என்றார்.

மீதிப் பணம் தை வரைக்கும் சும்மா கிடக்க வேண்டும். மோப்பம் பிடித்து முதலில் வந்தவர் என் மச்சான், வீட்டுக்காரியின் தம்பி.

"எதுக்கு மாமா பேங்க்ல தூங்கணும்? எங்கிட்ட குடுங்க, வட்டிக்கு விட்டுத் தரேன்."

அவரிடம் போன ஏணியே இன்னும் திரும்பி வரவில்லை. பணம் வருமா?

சென்னையில் வேலை பார்க்கும் மகளைக் கேட்டேன். "குறுகிய காலப் பாண்டு ஃபண்டுல போடுங்கப்பா. கவர்மெண்டும் பெரிய கம்பெனிகளும் கொஞ்ச காலத்துக்குக் கடன் வாங்குவாங்க, நாம குடுக்கறோம், வட்டி வருது. டெபாசிட் மாதிரி உத்தரவாதம் கிடையாது. ஒரு நாள் கொஞ்சம் எறங்கும், அப்புறம் ஏறும். ஷேர் மாதிரி குதிக்காது. ஒண்ணே ஒண்ணு, தினமும் தொறந்து பாக்காதீங்க."

போட்டேன். மறுநாள் பல் விளக்குவதற்கு முன்பே போனில் ஃபண்டு ஆப்பைத் திறந்து பார்த்தேன். அதற்கடுத்த நாளும் பார்த்தேன். போன் தேயாததுதான் ஆச்சரியம்.

இந்த லட்சணத்தில் டீக்கடையில் ஒருத்தர் கேட்டார்: "நெலத்துப் பணத்த எங்க வெச்சிருக்கீங்க?"

"பாண்டுலங்க" என்றேன், பெரிய மனுஷத் தோரணையில்.

எல்லார் டீ கிளாஸும் பாதி வழியில் நின்றது. எங்கள் பக்கம் பாண்டு என்றால் ஒரே அர்த்தம்தான்: கடன் வாங்குகிறவன் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் முத்திரைத்தாள். முகங்களைப் பார்த்ததும் பதறிப்போய்த் தமிழில் விளக்கினேன். "அதாங்க, கடன் பத்திரம்."

எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் விட்ட கதை.

"அடப்பாவமே, யாருகிட்டங்க வாங்குனீங்க?"

"யோவ், நான் வாங்கலய்யா. கவர்மெண்டு எங்கிட்ட வாங்கியிருக்குது!"

பெஞ்சு குலுங்கிச் சிரித்தது. "கவர்மெண்டுக்கே கடன் குடுக்கறவரு! அப்ப இன்னிக்கு எல்லாருக்கும் டீ உங்க கணக்குதான்." வருஷக்கணக்காக அந்தப் பெஞ்சில் புளுகித் தள்ளியவன் நான். உண்மையைச் சொன்ன அன்றைக்கும் சிரித்தார்கள். சரி, விட்டுவிட்டு வந்திருக்கலாம். கிடைத்த சிரிப்பை இன்னும் கொஞ்சம் நீட்ட ஆசைப்பட்டு, "ஆமாய்யா, குடும்பமே கடன்ல முழுகிக் கெடக்குது" என்று நக்கலாகச் சொல்லிவைத்தேன். அத்தனை பேச்சிலும் அந்த ஒரு வரியை மட்டும் உண்மை என்று எடுத்துக்கொண்டார்கள். பெஞ்சுக் கோடியில் மச்சானும் இருந்தார். அப்புறம் தபால்காரன் எதற்கு?

நான் வீடு சேர்வதற்குள் வீட்டுக்காரி பீரோவைக் குடைந்துகொண்டிருந்தாள். "ஏங்க, வூட்டுப் பத்திரம் எங்க? அதையும் அடகு வெச்சிட்டீங்களா?"

பத்திரம் அவள் புடவைகளுக்கு அடியில்தான் இருந்தது. சிக்கியதும் நிம்மதி ஆவாள் என்று பார்த்தால், இது நகலோ என்று சந்தேகப்பட்டாள்.

மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை ஆப் சிவப்பாகக் காட்டியது. இறங்கியது ஒரு பம்பு வாஷர் டப்பா விலைகூட இருக்காது. ஆனால் சிவப்பு! என் தொழிலில் சிவப்பு விளக்கு எரிந்தால் முதலில் மெயினை அணைப்போம், அப்புறம்தான் கேள்வி. மகளைக் கூப்பிட்டேன், மீட்டிங்கில் இருந்தாள். மெயினை அணைத்தேன். அதாவது மொத்தத்தையும் விற்கும் பொத்தானை அமுக்கினேன்.

மத்தியானம் ஆப்பில் சைபர். பேங்கில் இருந்தது கடைப்பணம் மட்டும். மகள் கூப்பிட்டதும் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"வித்துட்டீங்களா? ஐயோ அப்பா! பணம் வர ஒண்ணு ரெண்டு வேலை நாள் ஆகும். சனி, ஞாயிறு லீவு, திங்களும் லீவு. இப்ப வழியில இருக்கு."

"எந்த வழியில? தொப்பூர் கணவாய்லயா?"

லாரியே உருளும் கணவாய் அது. என் பணம் எம்மாத்திரம்? நான் கிலியில் கிடக்க, மகள் சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் காலை கடை திறக்கும்போது அக்காவும் பெங்களூர் மகனும் வாசலில் நிற்கிறார்கள்.

"பையனுக்கு லீவு முன்னாலயே கெடச்சிருச்சு தம்பி. புதன்கிழமை கிரயத்த முடிச்சிரலாம். வியாழன் அவன் கெளம்பணும்."

"மார்கழியில யாராச்சும் கிரயம் பண்ணுவாங்களாக்கா?" ஒரு முட்டுக்கட்டை போட்டுப் பார்த்தேன்.

"பெங்களூரு கம்பெனிக்கு மார்கழி தெரியுமா?" என்றவர், குரலைத் தாழ்த்தினார். "தப்பா நெனைக்காதீங்க. நீங்க பாண்டு எழுதிக் குடுத்து மாட்டிக்கிட்டதா பேசிக்கறாங்க. சேலத்துக்காரர் ஒருத்தர் மொத்தப் பணத்தயும் கையில வெச்சிக்கிட்டுக் கேக்கறாரு."

ஆத்திரத்தில் போனை எடுத்தேன், காட்டிவிடலாம் என்று. சைபரைக் காட்டவா? மறுபடி சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "பணம் வந்துகிட்டே இருக்குதுக்கா" என்றேன். உலகத்துக் கடன்காரன் எல்லாம் பேசும் வசனம் அது.

"எங்கிருந்துங்க வருது?" என்றான் மகன்.

"கடன் பத்திரத்துல இருந்து."

இந்த நாக்கை அறுத்துப் போட்டால் என்ன?

அக்கா கிளம்பிவிட்டார். "புதன் மத்தியானம் வரைக்கும் பாக்கறேன். அதுக்கு மேல என்மேல வருத்தப்படாதீங்க தம்பி."

அந்த லீவு நாட்களில் நான் யாரையெல்லாம் திட்டினேன் என்று சொன்னால் பக்கம் போதாது. லீவு விட்டவனை, ஆப்பைச் செய்தவனை, பாண்டு என்ற வார்த்தையைக் கண்டுபிடித்த வெள்ளைக்காரனை, கடன் பத்திரம் என்று அதைத் தமிழாக்கியவனை. மச்சான் வேறு ஆறுதல் சொல்ல வந்தார்.

"அன்னிக்கே எங்கிட்ட குடுத்திருந்தா இப்படி ஆயிருக்குமா மாமா?"

"ஆயிருக்காது. இது சைபராச்சும் காட்டுது. நீ அதையும் காட்டமாட்ட."

ஞாயிறு மாலை வீட்டுக்காரி தன் ஆரத்தைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். ஊரே கடன்காரன் என்றபோது வராத அவமானம் அப்போது வந்தது. "உள்ள கொண்டுபோய் வை!" என்று கத்தினேன். எடுத்துக்கொண்டு போனாள். ஆனால் பீரோவில் வைக்கவில்லை, கழுத்திலேயே போட்டுக்கொண்டாள், தேவைப்பட்டால் சட்டென்று கழற்றலாம் என்று. செவ்வாயும் போய்விட்டது. ஒன்றும் வரவில்லை.

புதன்கிழமை காலை பேங்க் கதவு திறப்பதற்கு முன்பே போய் நின்றேன். வரிசையில் நிற்கும்போது போன் சிணுங்கியது. பணம். மொத்தமும். போட்டதைவிடக் கொஞ்சம் கூடத்தான். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். காவலாளி தண்ணீர் கொடுத்தார், சர்க்கரை வியாதியா என்று கேட்டார். டிடி எடுத்துக்கொண்டு ஓடி, மத்தியானத்துக்குள் கிரயம் முடிந்தது. அக்கா டிடியை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கைநாட்டு வைத்தார். நியாயம்தான்.

மகள் போனில் ஒன்று சொன்னாள். அந்தச் சிவப்பு செவ்வாய்க்கிழமையே பச்சையாகிவிட்டதாம். கேட்டேனா நான்?

இப்போது டிராக்டர் என் சொந்தத் தடத்தில் போகிறது. மறுவாரம் டீக்கடைக்குப் போனேன். பெஞ்சில் இடம் விட்டார்கள். டீ மாஸ்டர் கிளாஸைக் கையில் கொடுத்துவிட்டு வாய் நிறையச் சிரித்தார்.

"கடனையெல்லாம் அடைச்சிட்டீங்களாமே! உங்க மச்சான் சொன்னாரு, அவருதான் ஓடியாடி ஒதவி பண்ணாராம். ரொம்ப சந்தோசங்க. இனிமேலாவது பாண்டு கீண்டு எழுதிக் குடுத்துடாதீங்க."

சுர்ரென்று ஏறியது. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். பெஞ்சு முழுக்க என்னையே பார்த்தது, சிரிக்கத் தயாராக.

டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.