அருவியில் நனையாத அம்மா

அருவியின் இரைச்சல் கேட்டதும் மகள் என் கையை உதறிவிட்டு ஓடினாள். கணவரும் பின்னால் போனார். நான் நின்றுவிட்டேன்.

எங்கள் ஊர் மாங்குளத்துக் காட்டுக்குள் கைவிடப்பட்ட குளமொன்று மாரியில் நிரம்பி, கற்கட்டின் மேலால் வழிந்து கொட்டும். சிறுவயதில் எங்களுக்கு அதுதான் அருவி. தண்ணீர் இரைச்சலில் யானை வருவது கேட்காது. அதனால் ஒருவர் எட்டத்தில் நின்று காட்டைப் பார்க்கவேண்டும்.

"நீங்கள் குளியுங்கோ, நான் நிக்கிறன்," என்பார் அம்மா.

ஒருநாள் அம்மா கூவினார். அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"குளிக்க விடாமல் பொய்க்குக் கூவினீரோ?"

"கதையாமல் நடவுங்கோ."

பின்னால் கொப்பு முறிந்தது. எங்களை முன்னே விட்டு அம்மா கடைசியாக வந்தார்.

"அம்மா, இஞ்ச பாருங்கோ!" அருவிக்குள் நின்று என் மகள் கத்தினாள்.

"இஞ்ச ஆனையில்லையப்பா, வாரும்," என்று கணவர் சிரித்தார்.

"ஓம்," என்றேன். காட்டிலிருந்து கண்ணை எடுக்கத்தான் துணிவு வரவில்லை.