யாரும் உரிமை கொண்டாடாத ஒயர்

நான் பயந்தாங்கொள்ளி என்பது எங்கள் பேரூராட்சி அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். மோட்டார் சுவிட்சைப் போடச் சொன்னால்கூட முதலில் ரப்பர் செருப்பைத் தேடுவேன். "மேடத்துக்குக் கரண்ட்டுன்னு எழுதிக் காட்டினாலே ஷாக் அடிக்கும்" என்று தண்ணீர் திறந்துவிடுபவர் கேலி செய்வார். நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் செருப்பைத் தேடுவதை நிறுத்தியதில்லை.

அப்படிப்பட்ட என் தலையில்தான் ஒயர் பார்க்கும் வேலை வந்து விழுந்தது. மேலிடத்து உத்தரவு. தெருவிளக்குக் கம்பங்களில் கேபிள் டிவிக்காரர்களும் இன்டர்நெட்காரர்களும் இஷ்டத்துக்கு ஒயர் இழுத்திருக்கிறார்கள். எது யாருடையது என்று கண்டுபிடித்துக் கம்பத்துக்கு வாடகை வாங்க வேண்டும், கட்டாதவர்களுக்கு நோட்டீஸ் கொடுத்து அவிழ்க்கச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் ஓடைப்பட்டிக்குப் பக்கம். ஊரைச் சுற்றித் திராட்சைப் பந்தல்கள். பந்தலில் கொடி படர்வதற்காவது ஓர் ஒழுங்கு உண்டு, எங்கள் கம்பங்களில் அதுவும் கிடையாது.

ஊரில் பாதி வீடுகளுக்குக் கேபிள் கொடுக்கிறவரையே துணைக்குக் கூட்டிக்கொண்டு தெருத்தெருவாக நடந்தேன். பருத்த உடம்பு, எப்போதும் சட்டைப் பையில் கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கும் ஒரு டெஸ்டர். அண்ணாந்து பார்த்தே சொல்லிவிடுவார். "இது என்னுது. இந்த மெல்லிசு நெட்டுக்காரங்க ஃபைபர். இது தெருவெளக்குக்குப் போறது." எங்கள் தெரு முனைக்கு வந்தபோது, தடிமனான ஒரு கறுப்பு ஒயரைக் காட்டி இது யாருடையது என்று கேட்டேன். இரும்புக் கம்பியோடு சேர்த்து முறுக்கியது. மற்ற ஒயர்களைவிடத் தாழ்வாகத் தொங்கியது. அவர் ஒயரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"என்னுது இல்ல மேடம்."

நெட்காரரும் தன்னுடையது இல்லை என்றார். முன்பு எங்கள் ஊரில் கேபிள் நடத்தி, இப்போது அல்லிநகரத்தில் செல்போன் கடை வைத்திருப்பவருக்குப் போன் போட்டேன். "தொழிலை விட்டு எம்புட்டு நாளாச்சு, என்னைய எதுக்குக் கேக்குறீக?" என்று எரிந்து விழுந்தார். காரணம் புரியாமல் இல்லை. என்னுடையது என்று யார் வாயைத் திறந்தாலும் அத்தனை வருட வாடகையும் அவர் தலையில் ஏறும். சொத்துக்கு அடித்துக்கொள்கிற ஊரில் ஓர் ஒயரை எல்லோரும் சேர்ந்து அநாதையாக்கினார்கள்.

"ஆள் இல்லாத ஒயருக்கு யார் பேர்ல நோட்டீஸ் போடுவீங்க?" என்று கேட்டார் எங்கள் செயல் அலுவலர். வெளி மாவட்டத்துக்காரர், பொறுமையான மனிதர். நாமே அறுத்துவிடலாமே என்றேன். எந்த வீட்டுக்காவது அதில் டிவி ஓடிக்கொண்டிருந்து, மேட்ச் நேரத்தில் நின்றுபோனால் ஊரே அலுவலக வாசலுக்கு வரும் என்றார். தவிரவும் கம்பத்தில் ஏறுவது மின்வாரிய ஆட்கள் வேலை. அவர்களோ அது தங்கள் ஒயர் இல்லை, தொட மாட்டோம் என்றார்கள். கடைசியில் என்ன செய்வதென்று மேலே எழுதிக் கேட்டுவிட்டுக் காத்திருந்தோம். பதில் வருவதற்குள் வெயில் காலம் வந்துவிட்டது.

அந்த ஒயர் என் வீட்டைத் தாண்டித்தான் போகிறது. ஒவ்வொரு கம்பத்திலும் அதையும், வீடுகளுக்குப் போகும் கேபிளையும் ஒரே கட்டாகக் கட்டுக்கம்பியால் இறுக்கியிருந்தார்கள். நான் தெருவின் எதிர்ப்பக்கமாக நடக்க ஆரம்பித்தேன். கேபிள்காரரிடம் இரண்டு மூன்று முறை கேட்டுப் பார்த்தேன். "அது செத்த ஒயர் மேடம். தொங்குறதைப் பாத்துப் பயப்படாதீக" என்பார் சிரித்துக்கொண்டே. செத்ததென்றால் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்டிருக்கலாம். தோன்றவில்லை.

எங்கள் பக்கத்தில் கோடை மழை இடியோடுதான் வரும். இடி விழுந்தால் கேபிள் பெட்டி கருகிவிடும். அதனால் முதல் இடி கேட்டதும் பெட்டியிலிருந்து ஒயரின் பின்னை உருவிவிடச் சொல்லி வீடு வீடாகப் பழக்கியவர்களே கேபிள்காரர்கள்தான். எங்கள் தெருவில் அது இன்னும் முற்றிப்போய், உருவினால் மட்டும் போதாது, ஒயரை வீட்டுக்கு வெளியே போட வேண்டும், இல்லாவிட்டால் இடி அதன் வழியாக உள்ளே வந்துவிடும் என்று ஆகிவிட்டது. நான் சும்மா இருப்பேனா? மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்குப் பாடம் போலச் சொல்லி வைத்திருந்தேன். செருப்பைப் போட்டுக்கொள், பின்னை உருவு, ஜன்னல் வழியாக வராந்தாவுக்குத் தள்ளு, ஈரத்தில் கிடக்காமல் வராந்தா கிரில்லில் மாட்டிவிடு. இரண்டு முறை செய்து காட்டச் சொல்லியும் பார்த்தேன். பிள்ளை அச்சுப் பிசகாமல் செய்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

அன்று பள்ளி விடுமுறை. என் கணவர் திராட்சை லோடு ஏற்றிக்கொண்டு கோட்டயம் போயிருந்தார். வழக்கமாகப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு அக்கா உத்தமபாளையத்தில் ஒரு விசேஷத்துக்குப் போய்விட்டார். மதியச் சாப்பாடு கொடுத்துவிட்டு, வராந்தா கிரில் கதவை உள்ளே பூட்டச் சொல்லி, சாவியை அவள் கையிலேயே கொடுத்தேன். யார் கூப்பிட்டாலும் திறக்காதே, நான் வந்தால் மட்டும் ஓடி வந்து திற என்றேன். வீட்டில் இருந்த பழைய போனில் சிம் கிடையாது. வைஃபையில் வாட்ஸ்அப் கால் மட்டும் வரும். அது போதும் என்று நினைத்தேன்.

மூன்று மணிக்கு மேல் வருசநாட்டு மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. கேபிள்காரர் வாடகைக் கணக்கில் தகராறு செய்ய அலுவலகம் வந்திருந்தார். இடி இடித்தது. காற்று ஜன்னல் கதவுகளைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது. கரண்ட் போனது. அப்போது அவருக்கு ஒரு போன். எங்கள் தெரு முனை டீக்கடைக்காரர் கத்தியது எனக்கே கேட்டது.

"கரண்ட் கம்பி அத்து விழுந்து உன் கேபிள் மேல கெடக்குய்யா! பொறி பறக்குது!"

கேபிள்காரர் முகம் செத்துப்போனது. "எந்த ஒயரு மேல?" என்று கேட்டார். பதில் கேட்டதும் என்னைத் திரும்பிப் பார்த்தார். அறுந்த கம்பியின் டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்து நுனி, கரண்ட்டோடு, அந்தச் செத்த ஒயரின் இரும்புக் கம்பிமேல் கிடக்கிறது. ஒயர் மற்றவற்றோடு ஒரே கட்டாகக் கட்டியிருக்கிறது. அதாவது எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு போகும் கேபிளில் இப்போது கரண்ட். தெருவில் லைட் இல்லை, டிவி இல்லை, அதனால் கரண்ட்டே இல்லை என்றுதான் ஒவ்வொருவரும் நினைத்திருப்பார்கள். இடி இடிக்கிறது. எல்லார் கையும் அந்தப் பின்னுக்குத்தான் போகும்.

மகளுக்குப் போன் போட்டேன். திரையில் 'காலிங்' என்றே நின்றது. 'ரிங்கிங்' என்று மாறவில்லை. கரண்ட் இல்லாத வீட்டில் வைஃபை எங்கே வேலை செய்யும்? திரும்பத் திரும்பப் போட்டேன். கேபிள்காரர் மின்வாரிய லைன்மேனைப் பிடித்துவிட்டார். லைன்மேன் ஓடைப்பட்டி ரோட்டில் விழுந்த மரத்தோடு போராடிக்கொண்டிருந்தார். இதோ கிளம்புகிறேன், டிரான்ஸ்ஃபார்மரில் ஆஃப் பண்ணும்வரை யாரும் எதையும் தொட வேண்டாம் என்றார். குப்பை வண்டியின் மைக்கில் அறிவிப்புச் செய்யச் சொல்லிச் செயல் அலுவலர் டிரைவரை விரட்டினார். நான் கேபிள்காரரின் பைக்கில் ஏறியிருந்தேன். எப்போது ஏறினேன் என்று தெரியவில்லை.

வழியெல்லாம் ஒரே காட்சிதான் கண்ணில் நின்றது. அதை எழுத இன்றும் கை வரவில்லை. தெருவுக்குள் நுழைந்ததும் அவர் தொண்டை கிழியக் கத்தினார். "டிவி ஒயரைத் தொடாதீக! யாரும் தொடாதீக!"

என் வீட்டு முன்னால் வண்டி நிற்பதற்குள் குதித்து ஓடினேன். கிரில்லைப் பிடிக்கப் போன என்னைத் தோளைப் பிடித்து அவர் பின்னால் இழுத்த வேகத்தில் இரண்டு பேரும் சேற்றில் விழுந்தோம். "அங்கன பாருங்க" என்றார். கேபிளின் நுனி, நான் சொல்லிக்கொடுத்தபடியே, கிரில்லில் அழகாக மாட்டியிருந்தது. எழுந்துபோய் டெஸ்டரைக் கிரில்லில் வைத்தார். அதன் சின்ன விளக்கு எரிந்தது.

என் குரல் கேட்டு மகள் வீட்டுக்குள்ளிருந்து ஓடி வந்தாள். கையில் சாவி. நான் வந்தால் மட்டும் ஓடி வந்து திற என்று நான்தானே சொன்னேன்.

"வராத! கிட்ட வராத! தொடாத!"

அது என் குரலே இல்லை. ஆத்திரத்தில் அடிக்க ஓங்குகிறவளின் குரல். பிள்ளை நடு வராந்தாவில் அப்படியே நின்றாள். உதடு பிதுங்கியது.

"அம்மா, நான் ஒயரைக் கழட்டி மாட்டிட்டேன்மா. செருப்பும் போட்டுத்தான் மாட்டினேன்."

முதல் இடிக்கே செய்துவிட்டாள். கம்பி விழுவதற்கு முன்னாலேயே. கொஞ்சம் சோம்பேறிப் பிள்ளையாக இருந்து, கொஞ்சம் தாமதமாகச் செய்திருந்தால்? நான் அதற்கு மேல் நினைக்கவில்லை. சாரல் கிரில்லில் அடித்து, தண்ணீர் வராந்தாத் தரையில் அவளை நோக்கி ஓடியது. "உள்ள போ. கட்டில் மேல ஏறி உக்காரு" என்றேன். வாசல்படி வரை பின்னோக்கியே நடந்து போனாள். அதற்கு மேல் போக மாட்டேன் என்றாள். உள்ளே போனால் என்னைப் பார்க்க முடியாதாம். மரக் கதவை ஒட்டிப் படிமேல் நின்றுகொண்டாள்.

கேபிள்காரர் ஒயரைத் தட்டிவிடக் குச்சி தேடினார். கிடைத்ததெல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. கம்பத்தின் பக்கம் போகவும் வழியில்லை. தூரத்தில் குப்பை வண்டியின் மைக் கேட்டது. பளீரென்று மின்னி இடி இறங்கியபோது பிள்ளை என்னை நோக்கி ஓடி வரப் பார்த்தாள். மறுபடி கத்தினேன். மறுபடி நின்றாள். பிறந்ததிலிருந்து பயந்தால் என்னிடம் ஓடி வா என்று வளர்த்தவளை வராதே வராதே என்று விரட்டிக்கொண்டிருந்தேன். ஏன் என்று அவளுக்குச் சொல்லவும் முடியவில்லை. சொன்னால் வீட்டுக்குள்ளேயே எதைப் பார்த்து எப்படி மிரள்வாளோ என்று அதற்கும் பயம்.

"அப்பா எப்பம்மா வருவாக?"

"வந்துருவாக. நீ அசையாம நில்லு."

எனக்குப் பின்னாலிருந்து கேபிள்காரர் மெதுவாகச் சொன்னார். "அந்த ஒயரு நான் இழுத்ததுதேன் மேடம். அதுக்குப் பதிலா நான் ஃபைபர் போட்டப்பவே அவுத்துருக்கணும்." காதில் விழுந்தது. நான் திரும்பவில்லை. கண்ணை எடுத்தால் பிள்ளை ஓர் அடி முன்னால் வந்துவிடுவாள் என்று இருந்தது. அந்த மனிதர் மேல் எனக்குக் கோபம் வந்தது ஒரு வாரம் கழித்துத்தான். அன்று அவர் இழுத்துப் போடாவிட்டால் கோபப்பட நான் இருந்திருக்க மாட்டேன் என்பதும் அதோடு சேர்ந்தே வந்தது.

லைன்மேன் போனில் கூப்பிட்டு, ஆஃப் பண்ணியாச்சு என்றார். கேபிள்காரர் டெஸ்டரைக் கிரில்லில் வைத்தார். விளக்கு எரியவில்லை. இன்னும் இரண்டு இடத்தில் வைத்துப் பார்த்தார்.

"இனி ஒண்ணும் இல்ல மேடம். பாப்பாவை வந்து தெறக்கச் சொல்லுங்க."

மகள் சாவியை நீட்டியபடி கேட்டாள். "வரட்டாம்மா?"

டெஸ்டர் கெட்டுப்போயிருந்தால்? வேறு டிரான்ஸ்ஃபார்மரை ஆஃப் பண்ணியிருந்தால்? செத்த ஒயர் என்று சொன்னவரும் இதே ஆள்தானே? இரு என்று அவளுக்குக் கை காட்டிவிட்டுக் கிரில் அருகே போனேன். புறங்கையால் தொட்டேன். நனைந்த இரும்பின் குளிர்ச்சி மட்டும்தான். பிறகு இரண்டு கையாலும் கம்பிகளை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"வா சாமி, வந்து தெற."

அவள் வாசல்படியை விட்டு இறங்கவில்லை. என் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னொரு தடவை தொட்டுக் காட்டும்மா" என்றாள்.

கையை எடுத்துவிட்டு மறுபடியும் தொட்டுக் காட்டினேன்.