பத்துக்கு ரெண்டு

பட்டாளத்தில் இருபத்திரண்டு வருடம் லாரி ஓட்டி ஓய்வு பெற்ற டிரைவருக்கு, முதுகுத்தண்டில் கிளம்புகிற வலி இடது கால் பெருவிரல் வரை சுரீரென்று இறங்கும். ஆனால் டாக்டர், "பத்துக்கு எவ்வளவு வலி?" என்று கேட்டால் போதும், மனுஷன் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வார்.

"ரெண்டு, சார்."

வலிக்கிறது என்றால் வண்டியைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பழைய பயம். வண்டியை ஒப்படைத்து ஒன்பது வருடம் ஆகியும் அது போகவில்லை. ரெண்டு என்றால் மாத்திரைதான் கிடைக்கும், அதுதான் கிடைத்தது.

இந்த முறை மனைவியும் உள்ளே வந்தாள். "ரெண்டாம்ல! இவருக்கு ஷூ லேஸ் கட்டிவிடுறது யாரு டாக்டர்? நான்!"

டிரைவர் கூரையைப் பார்த்தார். "எட்டு, சார்."

டாக்டர் உடனே ஸ்கேன் எடுக்க வைத்து, படத்தில் நசுங்கிய நரம்பைக் காட்டினார். அந்த இடத்தில் ஊசி போடலாம், இல்லையென்றால் ஆபரேஷன்; எது வேண்டும் என்று டிரைவரைக் கேட்டார்.

"சக்கரம் ஆடுதுன்னு எடுத்த எடுப்புல இன்ஜினைப் பிரிக்க மாட்டோம் சார். முதல்ல ஊசி போடுங்க. கேக்கலைன்னா பிரிச்சிடலாம்."

ஆறு வாரம் கழித்து டாக்டர் அதே கேள்வியைக் கேட்டார்.

"மூணு, சார்."

டாக்டர் நம்பாமல் மனைவியைப் பார்த்தார். அவள் புருஷனின் ஷூவைக் காட்டினாள். முடிச்சு கன்னாபின்னாவென்று இருந்தது.

"நான் கட்டினா இப்படியா இருக்கும், டாக்டர்?"